ஒரே மாணவிக்காக ஓடிய ரயில்: பழைய ஷிராடாகி ஸ்டேஷன் கதை நிஜமா?

கேள்வி, 2024 ஜனவரி 9

வாட்ஸ்அப்பில் அந்த ஜப்பான் ரயில் கதை மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பனி கொட்டும் ஒரு குக்கிராமம், ஆளே ஏறாத ஒரு ஸ்டேஷன். மூடிவிடலாம் என்று ரயில்வே முடிவு செய்யும்போது ஒரே ஒரு பள்ளி மாணவி தினமும் அங்கே ஏறுவது தெரியவருகிறது. அவள் படிப்பு முடியும்வரை அவளுக்காகவே ரயிலை ஓட்டினார்களாம், அவள் பள்ளி நேரத்துக்கு ஏற்றபடி டைம்டேபிளையும் மாற்றினார்களாம். 'இதுதான் அரசாங்கம், நம்மூரில் நடக்குமா' என்று முடிகிறது. இது நிஜமா, கட்டுக்கதையா? அந்தப் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

நான் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், கிடாமி என்ற ஊரில் படித்தவன். அந்த ஸ்டேஷன் இருந்த லைனில்தான் போய் வந்துகொண்டிருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்டேஷன் நிஜம். மாணவி நிஜம். அவள் படிப்பு முடிந்த மாதமே ஸ்டேஷனை மூடியதும் நிஜம். இந்த மூன்றையும் ஒட்டவைக்கப் போட்ட பசைதான் ஃபார்வேர்டில் வரும் கதை.

ஸ்டேஷனின் பெயர் கியூ ஷிராடாகி, அதாவது பழைய ஷிராடாகி. ஹொக்கைடோவின் கிழக்குப் பக்கம், எங்காரு என்ற ஊராட்சிக்குள் வருகிறது. செகிஹோகு மெயின் லைன் என்ற ஒற்றைத் தண்டவாளப் பாதை அசாஹிகாவா பக்கத்திலிருந்து அபாஷிரி வரை 234 கிலோமீட்டர் ஓடுகிறது. மலை, காடு, மான், பனி. மின்சாரக் கம்பி கிடையாது, டீசல்தான். 2016 மார்ச் 26 அன்று அந்த ஸ்டேஷன் மூடப்பட்டது. அந்த ஊரிலிருந்து எங்காரு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மாணவி மார்ச் தொடக்கத்தில் பள்ளியை முடித்திருந்தாள்.

தேதிகள் இப்படிப் பொருந்தியதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஜப்பானில் கல்வியாண்டு முடிவது மார்ச்சில். ஜேஆர் என்ற ரயில் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து டைம்டேபிளைத் திருத்துவதும் வருடா வருடம் மார்ச்சில்தான். கிராமத்து ஸ்டேஷன்களை மூடுவது பெரும்பாலும் அந்தத் திருத்தத்தோடு சேர்ந்தே நடக்கும். எந்த வருடம் எந்தக் கிராமத்து ஸ்டேஷனை மூடினாலும், அங்கே பள்ளி முடித்த ஒரு பிள்ளை இருக்க வாய்ப்பு உண்டு.

ஜனவரி 10

'7:04க்கு ஒரு ரயில், 17:08க்கு ஒரு ரயில், இரண்டே ரயில்தான்' என்று ஃபார்வேர்டில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது இந்த ஸ்டேஷனே இல்லை!

ஷிராடாகி என்ற பெயரில் அந்த லைனில் வரிசையாகப் பல ஸ்டேஷன்கள் இருந்தன. மேற்கிலிருந்து கிழக்கே வந்தால் உள் ஷிராடாகி, மேல் ஷிராடாகி, வெறும் ஷிராடாகி, பழைய ஷிராடாகி, கீழ் ஷிராடாகி. ரயில் ரசிகர்கள் இவற்றை ஒரு கூட்டமாகவே சொல்வார்கள். 2016 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் இந்தக் கதை வந்தபோது, மேல் ஷிராடாகியின் பெயரும் நேரமும் பழைய ஷிராடாகியின் மாணவியோடு கலந்துவிட்டன. உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கலவைதான். சில நாட்களிலேயே தைவான் பத்திரிகைகள் திருத்தம் போட்டன. திருத்தத்தை யார் ஃபார்வேர்டு செய்கிறார்கள்?

மேல் ஷிராடாகியில் உண்மையிலேயே நாளைக்கு ஒரு ரயில் போக, ஒரு ரயில் வர. அவ்வளவுதான். பழைய ஷிராடாகியில் எங்காரு பக்கம் போக காலையில் ஒன்று, எதிர்ப்பக்கம் திரும்பி வர மூன்று. காலை ரயிலைத் தவறவிட்டால் அன்று ரயிலில் பள்ளிக்கூடம் கிடையாது.

அந்த ரயில் அவளுக்கென்று விட்டதும் இல்லை. காமிகாவாவில் கிளம்பி வழியில் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு எங்காரு போகும் சாதாரண டீசல் வண்டி அது. நடுவழியில் மருசெப்பு ஊரைத் தாண்டினால் சீருடைகள் நிறைய. பழைய ஷிராடாகியில் வழக்கமாக ஏறியது அவள் ஒருத்திதான் என்பது சரி. ரயிலில் இருந்தது அவள் ஒருத்திதான் என்பது தப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழுக் கதையும் தவறிப் போகிறது.

ஜனவரி 10, பிற்பகல்

'அரசாங்கமா, தனியாரா?' என்ற சண்டைக்கு: இரண்டு பேரும் பாதிப் பாதி ஜெயிக்கிறீர்கள். ஜப்பான் தேசிய ரயில்வேயை 1987 ஏப்ரல் 1 அன்று பிரித்துக் கம்பெனிகளாக்கினார்கள். ஹொக்கைடோ பங்குக்கு வந்தது ஜேஆர் ஹொக்கைடோ. பெயரளவில் கம்பெனி. பங்குகள் மொத்தமும் இன்றைக்கும் அரசு அமைப்பு ஒன்றின் கையில்.

ஜனவரி 12

லைன் எப்படி வந்தது என்று கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவலாம்.

முதலில் வந்தது சாலை. 1891ல் அபாஷிரியிலிருந்து மேற்கே, மலையைத் தாண்டி அசாஹிகாவா பக்கம் ஒரு சாலை போட்டார்கள். ரஷ்யா மேல் பயம், வடக்கில் சீக்கிரம் ஆட்களைக் குடியேற்ற வேண்டும். வேலைக்கு அனுப்பப்பட்டது அபாஷிரி சிறைக் கைதிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சில மாதங்களில் வேலை முடிந்தது. 200க்கும் மேற்பட்ட கைதிகள் செத்தார்கள். அந்தச் சாலை போன பள்ளத்தாக்கில்தான் பிற்பாடு ஷிராடாகி வந்தது. இப்போது அங்கே ஓடும் 333ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா, தெரியாது.

ரயில் வருவதற்கு ரொம்ப நாள் ஆனது. அபாஷிரிக்கு 1912லேயே ரயில் போய்விட்டது, ஆனால் தெற்கே இகெடா வழியாகச் சுற்றிக்கொண்டு. அப்புறம் 1921ல் வடக்கே நாயோரோ வழியாக இன்னொரு சுற்று வழி. நேர் வழியில் மலை நின்றது. கிழக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டவாளம் நீண்டது: 1927ல் மருசெப்பு, 1929 ஆகஸ்ட்டில் ஷிராடாகி. கீழ் ஷிராடாகி ஸ்டேஷனும் அன்றைக்கே திறந்தது. பிறகு 4,329 மீட்டர் நீள செகிஹோகு சுரங்கத்தைக் குடைந்து, 1932 அக்டோபர் 1 அன்று காமிகாவாவையும் ஷிராடாகியையும் இணைத்தார்கள். மேல் ஷிராடாகியும் உள் ஷிராடாகியும் அன்று வந்தவை.

இந்த லைனில் ரயில் நிற்கும் இடங்களில் மிக உயரத்தில் இருப்பது காமிகோஷி, கடல் மட்டத்திலிருந்து 634 மீட்டர். டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரமும் 634 மீட்டர்தான். ரயில் ரசிகர்களுக்கு இந்த மாதிரி விஷயம் கிடைத்தால் போதும், ராத்திரி தூங்க மாட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இதில் பழைய ஷிராடாகி எங்கே என்று கேட்பீர்கள். 1932ல் அது கிடையாது. அங்கே ரயில் நிற்காமலே போய்க்கொண்டிருந்தது.

ஜனவரி 13

அங்கே நிற்க ஆரம்பித்தது 1947 பிப்ரவரி 11. அதுவும் ஸ்டேஷனாக இல்லை, தற்காலிக நிறுத்தமாக. ஹொக்கைடோவில் இந்த மாதிரி நூற்றுக்கணக்கில் இருந்தன. டோக்கியோ தலைமையகம் வரை போகாமல், உள்ளூர் ரயில்வே நிர்வாகமே 'சரி, இங்கே நிறுத்திக்கொள்ளலாம்' என்று முடிவெடுத்து வைத்தவை. தேசிய அளவில் அது ஸ்டேஷனே இல்லை என்பதால் பல கால அட்டவணைப் புத்தகங்களில் பெயரே வராது. டிக்கெட் கணக்குக்குத் தூரமும் கிடையாது, பக்கத்து ஸ்டேஷன் வரை என்று வைத்துக் காசு வாங்குவார்கள். ஒரு பெட்டி நிற்கும் அளவுக்கு ஒரு மேடை, பனிக்கு ஒதுங்க ஒரு மரக் கொட்டகை. முடிந்தது.

'தற்காலிகம்' என்று வைத்தது நாற்பது வருடம் ஓடியது. 1987ல் ரயில்வேயைப் பிரித்தபோது ஹொக்கைடோவின் தற்காலிக நிறுத்தங்களை எல்லாம் ஒரே நாளில் முழு ஸ்டேஷன்களாக்கினார்கள். அப்படித்தான் பழைய ஷிராடாகியும் 'ரயில் நிலையம்' ஆனது. அதற்கப்புறம் இருபத்தொன்பது வருடம்.

கிடாமியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டி மருசெப்பு பக்கத்தில் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்காதாம். மரம் வெட்டும் தொழில் நன்றாக இருந்த காலம் அது, ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் குடும்பங்கள் இருந்தன. குளிர்காலத்தில் ரயில் வரும்வரை பிள்ளைகள் கொட்டகைக்குள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்பார்களாம், அடுப்புக்குப் பக்கத்து இடத்துக்கு அடிதடியாம். இந்தக் கதையை எல்லாம் சொல்லிவிட்டு, ஃபார்வேர்டு விஷயத்தை நான் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பெண் எந்த வீட்டுப் பிள்ளை? எனக்கு எப்படித் தெரியும்! தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன். அந்த வருடம் படம் பிடிக்கிறவர்கள் தொல்லை அவளுக்குப் போதும்.

ஜனவரி 13, இரவு

எங்காருவில் ரயில் பின்னால் போகுமாமே என்று கேட்டவருக்கு: ஆமாம், போகும். அசாஹிகாவாவிலிருந்து வரும் வண்டி எங்காருவுக்குள் மூக்கை நுழைத்து, வந்த பக்கமே திரும்பிக் கிளம்பும். டிரைவர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து போவார். முன்பு நாயோரோ லைன் அங்கே நேராக வந்து சேர்ந்தது. 1989ல் அதை மூடிவிட்டார்கள், முட்டுச் சந்து மட்டும் மிச்சம்.

எக்ஸ்பிரஸ்ஸில் போனால் எங்காரு வந்ததும் எல்லோரும் எழுந்து இருக்கைகளைத் திருப்புவார்கள். இருக்கை அடியில் ஒரு மிதி உண்டு, மிதித்துச் சுழற்றினால் சீட் மறுபக்கம் பார்க்கும். முதல் தடவை எனக்கு இது தெரியாது. தூக்கத்திலிருந்து விழித்தால் பெட்டி முழுக்க ஆட்கள் நின்றுகொண்டு ஏதோ செய்கிறார்கள். விபத்து என்றே நினைத்துவிட்டேன். பின்வரிசைத் தாத்தா ஒருவர் என் சீட்டையும் திருப்பிக் கொடுத்தார். திருப்பாமல் கிடாமி வரை பின்னோக்கியே போகிறவர்களும் உண்டு, அவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

ஜனவரி 16

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2016 மார்ச் 26 அன்று இந்த லைனில் மூடியது நான்கு ஸ்டேஷன்கள். மூன்று ஷிராடாகிகள், அப்புறம் கானெஹானா. நான்காவதைப் பற்றி எந்த ஃபார்வேர்டும் வரவில்லை.

கானெஹானாவுக்கும் இகுதஹாராவுக்கும் நடுவில் ஜோமோன் என்று ஒரு சுரங்கம். நீளம் 507 மீட்டர்தான். 1914ல் வேலை முடிந்தது. வேலை செய்தவர்கள் பலர் ஏமாற்றிக் கூட்டி வரப்பட்டவர்கள். முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போட்டு, முகாமில் அடைத்து வைத்து வேலை வாங்கும் முறை அன்று ஹொக்கைடோ முழுக்க இருந்தது. தப்பி ஓடினால் அடி, நோய் வந்தால் மருந்து கிடையாது, செத்தால் பக்கத்திலேயே புதைப்பது. உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசினார்கள் என்று ஊரில் வெகு காலமாகப் பேச்சு. பேய்க் கதை என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1968 நிலநடுக்கத்தில் சுரங்கம் சேதப்பட்டு, பழுது பார்க்கும்போது 1970ல் சுவருக்குப் பின்னால் ஒரு மனித எலும்புக்கூடு இருந்தது. பிறகு சுற்றுப்புறத்திலும் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. 1980ல் கானெஹானா ஸ்டேஷன் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள்.

நான் அங்கே போயிருக்கிறேன், ஸ்டேஷன் திறந்திருந்த காலத்தில். இறங்கியது நான் மட்டும். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த வண்டி எப்போது என்று தெரியுமா என்று கேட்டார், தெரியும் என்றேன். கல்லைப் பார்க்கக் கொஞ்ச நேரம் போதும். மிச்ச நேரமெல்லாம் காத்திருப்பதுதான். காத்திருக்கும்போது அந்த 507 மீட்டரை எத்தனை விநாடியில் தாண்டி வந்தோம் என்ற கணக்கே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கானெஹானாவில் ரயில் நின்றாலும் எதிர் வண்டிக்கு வழிவிடத்தான். யாரும் இறங்க முடியாது.

ஜனவரி 18

'உங்களுக்கு நல்ல விஷயமே பிடிக்காதா, ஒரு அழகான கதையை இப்படி உரிக்க வேண்டுமா' என்று திட்டியிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. யோசித்தேன்.

எனக்கு அந்தக் கதையில் எரிச்சல் எங்கே வருகிறது என்றால், ஒரு கம்பெனி ஒரு பெண் மேல் இரக்கப்பட்டது என்று சொல்லும் இடத்தில். அது நடந்ததைவிடச் சின்ன விஷயம். நடந்தது என்ன? ஜப்பானில் கட்டாயக் கல்வி நடுநிலைப் பள்ளியோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் படிக்க வேண்டும் என்றால் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு சேர்ப்பது வீட்டாரின் பாடு. ஷிராடாகியில் மேல்நிலைப் பள்ளி இல்லை, எங்காரு போக வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் காலை ரயில் பல தலைமுறையாகப் பள்ளி மணிக்கு ஏற்றபடி ஓடியது. யாரோ ஒருத்திக்காக மாற்றிய நேரம் இல்லை அது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே இருந்த நேரம். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் அந்த நிறுத்தத்தில் ஒருத்தி மிஞ்சினாள். அவளுக்கும் ரயில் நின்றது, ஏனென்றால் அதற்கு முன்னால் எல்லோருக்கும் நின்றது.

எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இரக்கம் என்றால் ஒரு மேலாளர் மனசு வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. டைம்டேபிளில் இருக்கிற ரயில் அப்படி இல்லை. மைனஸ் இருபது டிகிரியில் நீங்கள் நல்ல பிள்ளையா, பரிதாபமான பிள்ளையா என்று கேட்காமல் வந்து நிற்கும்.

ஜனவரி 19

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நானே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். ரயில்வேயைப் பெரிய தர்மவானாகக் காட்டிவிட்டேனோ? அவர்கள் கணக்கும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயம் ஜேஆர் ஹொக்கைடோ மூட எடுத்துக்கொண்டவை, நாளைக்குச் சராசரியாக ஒரு ஆள் அல்லது அதற்கும் குறைவாக ஏறும் ஸ்டேஷன்கள். பழைய ஷிராடாகி அந்தப் பட்டியலில் கச்சிதமாகப் பொருந்தியது. மாணவி இருந்தபோதே கணக்கு அப்படித்தான், ஏனென்றால் பள்ளிக்கு விடுமுறை நாட்களும் உண்டு. 2015லேயே ஊராட்சியிடம் பேசிவிட்டார்கள். ஊராட்சியும் பெரிதாக மறுக்கவில்லை. மேடையில் பனி அள்ளுவதற்கே ஆள் அனுப்ப வேண்டும், அதற்கு ஆகும் செலவு டிக்கெட்டில் வராது.

ஒரு வேடிக்கை. அதே 2016 மார்ச் 26 அன்றுதான் ஹொக்கைடோவுக்கு முதல் புல்லட் ரயில் வந்தது. ஹகொதாதே பக்கம் பட்டாசு, தொலைக்காட்சி, அமைச்சர்கள். இந்தப் பக்கம் முந்தின நாளே ரசிகர்கள் கேமராவோடு வந்து கடைசி வண்டியைப் படம் பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஸ்டேஷன்களில் அவ்வளவு கூட்டம் பல வருடமாக ஏறியதில்லை. அவர்கள் எல்லாம் மாதம் ஒரு தடவை வந்திருந்தால் சராசரி ஒன்றைத் தாண்டியிருக்கும் என்று ஒரு கேலி உண்டு. கேலிதான், ஆனால் கணக்கு சரி.

ஜனவரி 21

ஏன் இவ்வளவு நஷ்டம் என்ற கேள்விக்கு வட்டி விகிதம் என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். நம்ப மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விவரம்.

1987ல் பிரிக்கும்போதே தெரியும், ஹொக்கைடோவில் ரயில் லாபம் தராது. அதனால் ஜேஆர் ஹொக்கைடோவுக்கு 68,220 கோடி யென் ஒரு நிதியாகக் கொடுத்தார்கள். அசலைத் தொடாதே, வட்டியை எடுத்து நஷ்டத்தை அடைத்துக்கொள் என்று ஏற்பாடு. அன்றைக்கு வட்டி 7 சதவீதத்துக்கு மேல் கணக்குப் போட்டிருந்தார்கள். அப்புறம் ஜப்பானில் வட்டி என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். வட்டி சுருங்கியது, அதே நேரத்தில் ஊர்களும் சுருங்கின. போதாக்குறைக்கு அசாஹிகாவாவிலிருந்து அதே பள்ளத்தாக்கு வழியாகவே காசில்லாத விரைவுச்சாலை போட்டார்கள், 2019ல் அது எங்காரு வரை வந்துவிட்டது. ஒரு கையால் ரயிலுக்குக் காசு, இன்னொரு கையால் ரயிலுக்குப் போட்டி.

2016 நவம்பரில் ஜேஆர் ஹொக்கைடோ வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: 1,237 கிலோமீட்டர் பாதையைத் தனியாகப் பராமரிக்க எங்களால் முடியாது. அவர்கள் வைத்திருந்த பாதையில் அது கிட்டத்தட்ட பாதி. செகிஹோகு லைனும் அதற்குள் வருகிறது. சில ஊர்கள் சரி என்று மூடவிட்டன. சில ஊர்கள் ஸ்டேஷன் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டன. ஹொக்கைடோவிலேயே சோயா லைன் என்ற இன்னொரு பாதையில் நுகானன் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. காத்திருக்கும் அறை என்பது தோட்டத்தில் மண்வெட்டி வைக்க வாங்கும் தகரக் கொட்டகை. நிஜமாகவே கடையில் வாங்கி வைத்தது. அந்த ஸ்டேஷனை ஹொரோனோபே ஊராட்சி செலவு செய்து வைத்திருக்கிறது. அந்தக் கொட்டகையைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள், ஊருக்கு அது போதும்.

2016 ஆகஸ்ட் புயல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காமிகாவாவுக்கும் ஷிராடாகிக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அக்டோபர் 1 வரை ரயில் இல்லை. 1932ல் லைன் திறந்ததும் அக்டோபர் 1.

ஜனவரி 22

பூனை ஸ்டேஷன் மாஸ்டர் இதே லைனா என்று கேட்டவருக்கு: இல்லை. அது தாமா, மாகாணம் வகாயாமா, ஸ்டேஷன் கிஷி. 2007ல் பதவி ஏற்றது, 2015ல் இறந்தது. அது கதையும் நிஜம், வருமானமும் நிஜம். மூட இருந்த லைனுக்குப் பூனை கூட்டம் சேர்த்தது. பூனைக்குத் தொப்பி தைத்தவருக்கு யாராவது விருது கொடுத்திருக்க வேண்டும்.

ஜனவரி 27

வகாயாமா என்றதும் நினைவு வந்தது. ஷிராடாகியில் குடியேறியவர்களில் ஒரு கூட்டம் வகாயாமாவிலிருந்துதான் வந்தது. 1912ல் சுமார் ஐம்பது குடும்பங்கள், தனாபே ஊரிலிருந்து. தலைவராக வந்தவர் மொரிஹெய் உயெஷிபா. ஐகிடோ தற்காப்புக் கலையை உருவாக்கியவர் அவர்தான். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. முதல் வருடங்களில் விளைச்சல் இல்லை, 1917ல் தீப்பிடித்து ஊரே எரிந்தது, 1919ல் அவர் திரும்பிப் போனார். நடுவில் 1915ல் எங்காருவில் ஒரு விடுதியில் தாகெதா சோகாகு என்ற ஜுஜுத்ஸு ஆசானைச் சந்தித்தார். ஐகிடோவின் விதை அங்கே விழுந்தது. உலகம் முழுக்க ஐகிடோ பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை பேருக்கு ஷிராடாகி தெரியும்? ஆனால் மாணவிக் கதை தெரிந்திருக்கும்.

இன்னொன்று, கருங்கண்ணாடிக் கல். எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாவது. ஷிராடாகி மலையில் அது ஏராளம், பழைய கற்கால மனிதர்கள் அங்கே உட்கார்ந்து கருவி செய்திருக்கிறார்கள். கத்தி, ஈட்டி முனை, செதுக்கிய சில்லு எல்லாம் லட்சக்கணக்கில் கிடைத்தன. 2023ல் அந்தக் கருவிகளைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். ஷிராடாகி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஊராட்சியின் தொல்பொருள் மையம் இருக்கிறது. நான் போன அன்று அங்கே இருந்த அம்மா எனக்கு ஒரு கல்லை எப்படி உடைத்தால் எந்தப் பக்கம் சில்லு தெறிக்கும் என்று காட்டினார். நான் உடைத்தது எந்தக் காலத்து மனிதனும் ஏற்றுக்கொள்ள மாட்டான்.

அந்தக் கல் கண்டிப்பாகப் பாருங்கள். கறுப்பில் சிவப்புக் கோடு ஓடும் வகை ஒன்று இருக்கிறது. அதற்காகவே போகலாம்.

பிப்ரவரி 4

போவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வெங்காய ரயில் வரை போய்விடுவேன்.

பழைய ஷிராடாகியில் இப்போது எந்த ரயிலும் நிற்காது. உள் ஷிராடாகியும் மேல் ஷிராடாகியும் போய்விட்டதால் காமிகாவாவிலிருந்து ஷிராடாகி வரை 37.3 கிலோமீட்டர் நடுவில் ஏறி இறங்க இடமே இல்லை. ஜேஆரின் சாதாரண லைன்களில் அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறு எங்கும் கிடையாது. சப்போரோவிலிருந்து 'ஒகோட்ஸ்க்' எக்ஸ்பிரஸ், அசாஹிகாவாவிலிருந்து 'தாய்செட்ஸு' வண்டி, இரண்டும் ஷிராடாகியில் நிற்கும். உள்ளூர் வண்டியை நம்பிப் போகாதீர்கள், காமிகாவா பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஒன்றை விட்டால் அந்த நாள் போச்சு. காமிகாவாவில் சாப்பாடு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் கடையை எதிர்பார்க்க வேண்டாம். ரயில் நடுக் காட்டில் திடீரென்று பிரேக் அடித்தால் பதற வேண்டாம், அநேகமாக மான்.

சரி, வெங்காய ரயிலையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் அதிகம் வெங்காயம் விளைவது கிடாமியில். இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை அந்த வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு இந்த லைனில் சரக்கு ரயில் ஓடுகிறது. எங்காருவில் திரும்ப வேண்டும் என்பதால் முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின். இந்த லைன் நாளைக்கு இருக்குமா என்று கேட்டால், பயணிகளின் எண்ணிக்கையோடு வெங்காயத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன். நான் இருந்த வீட்டில் பாட்டி தெருவில் விற்கும் மூட்டை வெங்காயத்தைத்தான் வாங்குவார், ரயிலில் போகிறதை நாம் ஏன் தின்ன வேண்டும், அது டோக்கியோக்காரனுக்கு என்பார். இரண்டும் ஒரே வயலில் விளைந்தது என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை.